பெரட்டுக் களத்தில் ஒரு சிக்கன வகுப்பு

1

துறையூரிலிருந்து என் மைத்துனன் எழுதியிருக்கிறான். கண்டிச் சீமையில் வெள்ளைக்காரத் துரைமார் தோட்டக் கூலிகளுக்குச் சிக்கனம் கற்றுக்கொடுத்து, தபாலாபீசில் பணம் சேர்க்கப் பழக்குகிறார்களாம். அதைப் பற்றி அங்கே ஒரு சபையில் யாரோ ஒரு பெரிய மனுஷர் வெகு நேரம் பேசினாராம். சபை கைதட்டியதாம். "நீங்கள் அங்கேயே இருப்பவர். அந்தத் திட்டத்தைப் பற்றி நாலு பக்கம் எழுதி அனுப்புங்கள், நம் ஊர்ப் பத்திரிகையில் போடச் சொல்கிறேன்" என்கிறான்.

கைதட்டிய கனவான்களுக்கு என் நமஸ்காரம். அந்தத் திட்டத்துக்கு வாத்தியார் அடியேன்தான். எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன். படித்து முடித்த பிறகு இன்னொரு தடவை கைதட்ட மனம் வந்தால் தாராளமாகத் தட்டிக்கொள்ளுங்கள்.

நான் இருப்பது இலங்கையின் ஊவா மாகாணத்தில், லுணுகலையிலிருந்து மடுல்சீமைக்கு ஏறும் மலையில் ஒரு தேயிலைத் தோட்டம். பெயர் வேண்டாம். ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும். அங்கிருந்து பதுளை வழியாக லுணுகலை வரைக்கும் மாட்டு வண்டி, அதற்கு மேல் அவரவர் கால். மழை பிடித்துக்கொண்டால் அந்தப் பாதையில் வண்டி மாடே படுத்துவிடும். ஆபீசில் நான் கிளாக்கர். துரை சொல்வதைக் கூலிக்காரருக்குத் தமிழிலும், அவர்கள் சொல்வதைத் துரைக்கு இங்கிலீஷிலும் சொல்வது என் உத்தியோகத்தில் பாதி. நான் மூட்டை மூட்டையாகச் சம்பாதிப்பதாக ஊரில் ஒரு பேச்சு உண்டு என்று தெரியும். பேசிக்கொண்டே இருங்கள்.

2

துரைக்கு இந்த ஞானோதயம் எங்கே வந்தது என்று கேட்டால், பதுளையில், துரைமார் கூடிக் குடிக்கிற கிளப்பில். எங்கேயோ ஒரு தொழிற்சாலையில் வேலையாட்களுக்குப் பண விவகாரம் கற்றுக்கொடுத்து அவர்களைச் சீர்திருத்திவிட்டார்கள் என்று யாரோ ஒரு விருந்தாளி சொல்லியிருக்கிறார். திங்கட்கிழமை காலை துரை என்னைக் கூப்பிட்டார்.

"நம் ஆட்கள் ஏன் ஏழைகளாக இருக்கிறார்கள் தெரியுமா?" என்றார் இங்கிலீஷில்.

எனக்குத் தெரியும். சம்பளம் குறைவு, அந்தச் சம்பளமும் மாதம் தள்ளி மாதம்தான் கைக்கு வருகிறது. ஆனால் இப்படிப்பட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்வதற்காக எனக்குச் சம்பளம் தருவதில்லை. "தாங்கள்தான் சொல்ல வேண்டும்" என்றேன்.

"அறியாமை!" என்றார். "அவர்களுக்குப் பணத்தை ஆளத் தெரியவில்லை."

ஆக, மாதம் ஒரு வகுப்பு. இடம், பெரட்டுக் களம். விடியற்காலையில் கொம்பு ஊதியதும் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்து அனுப்புவார்களே, அந்த மைதானம். நேரம், சம்பள நாள், சம்பளத்துக்கு முன்னால். வகுப்பில் நிற்காதவனுக்குக் கடைசியில்தான் சம்பளம். ஒருவரும் தவறாமல் வந்தார்கள். "பார்த்தாயா, எவ்வளவு ஆர்வம்!" என்று துரை என்னிடம் பூரித்துப் போனார்.

முதல் பாடத்தைத் துரையே தம் சொந்தத் தமிழில் நடத்தினார். "காசு தின்னாதே! காசு போஸ்டாபீஸ் போ! காசு அங்கே தூங்கு, காசு குட்டி போடு!" என்று கையை ஆட்டினார். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அடுத்து, வெற்றிலைக்கு எவ்வளவு செலவு, சாராயத்துக்கு எவ்வளவு செலவு என்று ஆளாளாய்க் கேட்டு, கரும்பலகையில் இரண்டு பானை வரைந்து, ஒன்றுக்கு ஓட்டை போட்டுக் காட்டினார். ஓட்டைப் பானைதான் கூலிக்காரனாம். துரையின் பங்களாவுக்கு மாதந்தோறும் பதுளையிலிருந்து வரும் புட்டிகளுக்குப் பில் எழுதிக் கட்டுகிறவன் நான். அந்தப் பில்லைக் கையில் பிடித்துக்கொண்டே இந்தப் பாடத்தை மொழிபெயர்த்திருக்கிறேன் ஐயா!

"வரும்முன் செலவழிக்காதே" என்பது இரண்டாம் பாடம். போன மாதத்துக்கு முந்தின மாதச் சம்பளத்துக்காக நின்றுகொண்டிருந்தவர்களுக்கு இந்தப் பாடம்.

3

மூன்றாம் மாதம், தபாலாபீசில் கணக்கு வைப்பவர்களுக்கு ஆளுக்கு ஒரு கம்பளி இனாம் என்று துரை அறிவித்தார். மடுல்சீமைக் குளிர் தெரிந்தவர்களுக்குக் கம்பளியின் அருமை தெரியும். கொஞ்சம் பேர் பெயர் கொடுத்தார்கள்.

கணக்குத் திறக்க ஆள் நேரில் வர வேண்டும் என்பது தபாலாபீஸ் சட்டம். சேமிப்புக் கணக்கு வைக்க வசதியுள்ள தபாலாபீஸ் பதுளையில். ஆகவே சிக்கனத்தில் சேருவதற்காக அத்தனை பேரும் போக வர இரண்டு நாள் கூலியைத் தொலைத்துவிட்டு மலை இறங்கினார்கள். மேய்த்துக்கொண்டு போனவன் நான். ஜன்னலுக்கு உள்ளே இருந்த உத்தியோகஸ்தர் கோட்டுப் பித்தானை ஒவ்வொன்றாய்த் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "பிறந்த தேதி?" என்று கேட்டார். ஒருத்தி, பெரிய காற்றடித்துக் கோயில் ஆலமரம் விழுந்த வருஷம் என்றாள். எந்தக் கோயில் என்று அவரும் கேட்டார்! கடைசியில் பொறுமை போய் எல்லாருக்கும் ஒரே தேதியாகப் போட்டுவிட்டார். எங்கள் தோட்டத்துச் சிக்கனக்காரர்கள் அத்தனை பேரும் சர்க்கார் கணக்கில் ஒரே நாளில் பிறந்தவர்கள்.

கூலிக்காரர் தொலைத்துவிடுவார்கள் என்று பாஸ் புத்தகங்களை எல்லாம் ஆபீஸ் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டச் சொன்னார் துரை. யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்று இனித் துரை எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

அந்தக் கூட்டத்தில் வீராயி என்று ஒருத்தி வந்திருந்தாள். கொழுந்து எடுக்கிறவள். புருஷன் செத்துச் சில வருஷம் ஆகிறது. ஒரே மகள். அவளைப் பதுளைக்கு அப்பால் ஹாலிஎலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கட்டிக்கொடுத்திருந்தாள். மற்றவர்கள் கம்பளிக்காக நாலு காசு போட்டார்கள். வீராயி இடுப்பிலிருந்து எடுத்து வைத்த பணத்தைப் பார்த்து, ஜன்னல்காரர் பித்தானை விட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

திரும்பி வரும்போது பாதி மலையில் மூச்சு வாங்க உட்கார்ந்தோம். நான் கேட்காமலே சொன்னாள்.

"லுணுகலையில நம்ம சாயபு கடை இருக்குல்லீங்க, அவருகிட்டதாங்க குடுத்து வச்சிருந்தேன். வட்டியும் இல்ல, சீட்டும் இல்ல. கேட்டா குடுப்பாரு, வெளிய மூச்சு விடமாட்டாரு. இப்ப அவரு கடைய மூடிட்டு ஊருக்கே போறாருங்க. லயத்துல, அந்த ஒத்த அறையில, எங்கங்க வைக்கிறது? அதான் இங்க கொண்டாந்தேன்."

"எதுக்குச் சேர்க்கிறே?"

"துண்டு வாங்கிக்கிட்டு மககிட்ட போறதுக்குங்க. மாசமா இருக்கா. மாமியாளும் இல்லாத வீடு. தலைப்பிள்ளைக்கு நான் பக்கத்துல இல்லாட்டி அவளுக்கு யாருங்க இருக்கா?"

ஊரில் இருப்பவர்களுக்குத் துண்டு என்றால் தெரியாது. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக ஓர் ஆளுக்குத் தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. ஊரிலிருந்து கப்பலேற்றிக் கூட்டிவந்து வேலை வாங்கும் கங்காணிக்கு ஆள் எவ்வளவு கடன் என்று அதில் இருக்கும். அந்தக் கடனைக் கட்டுகிற தோட்டம் ஆளை எடுத்துக்கொள்ளலாம். வயசான ஒரு பொம்பளைக்காக எந்தத் துரை கடன் கட்டுவான்? வீராயி தானே கட்டினால்தான் உண்டு.

"கங்காணிக்குத் தெரியுமா?" என்றேன்.

அவள் சுற்றும் முற்றும் பார்த்தாள். "தெரிஞ்சா வுடுவாருங்களா? கையில காசு இருக்குன்னு தெரிஞ்சா கடன் வளந்துகிட்டே போகுங்க. ஒரு சம்பள நாளு, துரை மேசைகிட்ட நின்னு கங்காணி என் கடன் இவ்வளவுன்னு வாயால படிப்பாருல்ல? அந்த நிமிசம் மொத்தத்தையும் மேசையில வச்சுருவேன். துரை முன்னால சொன்ன கணக்க அப்புறம் மாத்த முடியாதுல்லீங்க?"

இதுதான் அவள் திட்டம். துரையின் கரும்பலகைப் பானைகளை எல்லாம்விட உருப்படியான திட்டம். அதற்கு வேண்டியது ஒன்றே ஒன்று, அந்த நாள் வரும்வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது. தோட்டத்தில் யாரும் தன்னிடம் பணம் இருக்கிறது என்று சொல்ல மாட்டான். இருப்பவன்தான் இல்லாத பாட்டு அதிகமாகப் பாடுவான். லயத்தில் நடக்கப் பழகும் குழந்தைக்குக்கூட இது தெரியும். எங்கள் துரைக்கு மட்டும்தான் தெரியாது.

4

நடுவில் என் வீட்டுச் சமாசாரம் ஒன்று. பதுளையில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிக்கும் என் மகன் லீவுக்கு வந்திருந்தான். துரை அவனைக் கூப்பிட்டுத் திட்டத்தை விளக்கியிருக்கிறார். வீட்டுக்கு வந்து, "அப்பா, இந்த ஜனங்களுக்கு இது ரொம்ப அவசியம்" என்றான். இந்த ஜனங்களாம்! இவன் தாத்தா துறையூர்ச் சந்தையில் கடனுக்கு மாடு வாங்கி, மாடும் செத்து, கடனும் தீராமல் போய்ச் சேர்ந்தவர். அதைச் சொன்னேன். "அது உங்க ஊர்லப்பா" என்றான். அவனுக்கு ஊர் என்றால் பதுளை. அவனைச் சொல்லி என்ன? நானே போன கடுதாசியில் பணம் என்று எழுதவேண்டிய இடத்தில் சல்லி என்று எழுதிவிட்டேன். அது என்ன என்று ஊரிலிருக்கும் என் அண்ணன் விசாரித்திருக்கிறார். இங்கே சிங்களவர் வாயிலிருந்து எங்கள் வாய்க்கு வந்து ஒட்டிக்கொண்ட சொல் அது. உங்கள் சபையில் பேசிய பெரிய மனுஷருக்கு அது தெரிந்திருக்காது.

5

அடுத்த சம்பள நாள். வீராயி என்னிடம் பத்து நாள் முன்னாலேயே சொல்லிவிட்டாள், இந்த மாதம்தான் என்று. மகளுக்கு நாள் நெருங்கிவிட்டது. பணத்தை எடுத்து வைத்திருங்கள் என்றாள். தபாலாபீசுக்கு எழுதி, கைநாட்டு வாங்கி, பணத்தை வரவழைத்துப் பெட்டியில் வைத்திருந்தேன். துரைக்குத் தெரியாமல் இது நடக்காது. தெரிந்தது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு கூலிக்காரப் பொம்பளையிடம் இவ்வளவா! எல்லாம் தம் பாடத்தின் மகிமை என்று முடிவு கட்டிவிட்டார். அந்தப் பணம் சாயபு கடையில் வருஷக்கணக்காகச் சேர்ந்தது என்று சொன்னேன். காதில் ஏறவில்லை. இதைப் பெரட்டில் சொல்ல வேண்டாம், அந்தப் பொம்பளைக்குக் கஷ்டம் வரும் என்று இரண்டு தடவை சொன்னேன். "நல்ல உதாரணத்தை மறைப்பது பாவம்" என்றார். பாவ புண்ணியம் எல்லாம் அவருக்கு அத்துப்படி.

களத்தில் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். முன்வரிசையில் பெரிய கங்காணி பழனியாண்டி, கறுப்புக் கோட்டு, தலைப்பாகை, கையில் வெள்ளிப் பூண் போட்ட பிரம்பு. துரை மேசைமேல் பணத்தை அடுக்கி வைத்து, "வீராயி, இங்கே வா!" என்றார்.

அவள் வந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"எல்லாரும் பார்! இது வீராயி காசு! வீராயி புத்தி உள்ள பொம்பளை! நீங்க எல்லாம் மடையன்!" என்று துரை தம் தமிழில் முழங்கினார். தொகையையும் உரக்கச் சொன்னார். பிறகு கைதட்டினார். களத்தில் ஒருவரும் கைதட்டவில்லை. உங்கள் சபையைவிட எங்கள் லயத்துக்காரர்களுக்கு விவரம் அதிகம்.

பழனியாண்டிக் கங்காணி நிதானமாக முன்னால் வந்தார். சத்தம் போடுகிற ஆள் அல்ல அவர். துரைக்கு ஒரு சலாம் வைத்தார்.

"ரொம்ப சந்தோசமுங்க துரை. இந்தப் புள்ள புருசன் அக்கரையில வாங்குன முன்பணம், கப்பலு செலவு, அவன் செத்தப்ப கருமாதிக்கு நான் குடுத்தது, மக கலியாணத்துக்குக் குடுத்தது எல்லாம் அப்படியே நிக்குது. பாவம், ஒண்ணுமில்லாதவளாச்சேன்னு இத்தன நாளும் நான் வாயத் தொறக்கல."

நான் மொழிபெயர்த்தேன். முன்பணத்தைப் புருஷன் உயிரோடு இருக்கும்போதே உழைத்துக் கழித்தான் என்பது தோட்டத்துக்கே தெரியும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். துரை என் பங்கைக் கையால் ஒதுக்கினார். அவர் முகம் மலர்ந்தது. "அற்புதம்! இன்றைய பாடமே இதுதான். முதலில் கடன், பிறகு சேமிப்பு. பணத்தைக் கங்காணியிடம் கொடு!"

கங்காணியின் கை மேசைப் பக்கம் நீண்டது.

"அது எங்காசு இல்லீங்க!" என்றாள் வீராயி.

களம் முழுக்கக் கேட்டது. அவளுக்கே எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ!

"அது ஆத்தாவுக்கு முடிஞ்சதுங்க. மாரியாத்தாவுக்கு நேந்துகிட்டு மஞ்சத் துணியில முடிஞ்சு வச்ச காசுங்க. தொட்டா கண்ணு அவிஞ்சு போகும்."

கங்காணியின் கை அந்தரத்தில் நின்றது. பிறகு அந்தக் கை தலைப்பாகையைக் கழற்றியது. கன்னத்தில் போட்டுக்கொண்டார். பின்வரிசையில் இருந்த பெண்களும் போட்டுக்கொண்டார்கள். மஞ்சள் துணியில் முடிந்த காசை எடுத்துச் செலவழித்தவன் வீட்டில் என்ன நடந்தது என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கதை தெரியும். என்ன செய்தாலும் பழனியாண்டி அதைத் தொடமாட்டார். அந்த நிமிஷம் எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. சபாஷ் வீராயி என்று நினைத்துக்கொண்டேன்.

6

சாயங்காலம் கொழுந்தை எடை போட்டுவிட்டு ஆபீஸ் வாசலுக்கு வந்தாள். நான் தைரியம் சொன்னேன். "கொஞ்ச நாள் போகட்டும். கோயிலுக்குக் கொண்டு போறேன்னு வாங்கிக்கோ. அடுத்த சம்பள நாள் வேறே விதமாப் பார்ப்போம்."

என்னை ஒரு பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"அது எப்படிங்க? ஆத்தா பேரச் சொல்லிப்புட்டேனே."

"பொய்தானே சொன்னே?"

"சொல்லும்போது பொய்தாங்க. சொன்ன பெறகு எப்படிங்க பொய்யாகும்? அத்தன பேரு காதுல வுழுந்துச்சு. ஆத்தா காதுல மட்டும் வுழாம இருக்குமா? மக அங்க புள்ளத்தாச்சியா இருக்கா. ஆத்தாகிட்ட குடுக்குறேன்னு சொன்னத நானே எடுத்துத் தின்னா, அது யாரு தலையில வுடியும்?"

படிக்கும் கனவான்கள் இங்கே ஒரு சிரிப்புச் சிரிப்பீர்கள், மூட ஜனங்கள் என்பீர்கள். உங்கள் பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கும்போது சமயபுரத்துக்கு நேர்ந்துகொண்டதை வயிற்றில் போட்டுவிட்டு, பிறகு வந்து சிரியுங்கள்.

தோட்டத்துக் கோயில் தர்மகர்த்தா யார் என்று நினைக்கிறீர்கள்? பழனியாண்டிக் கங்காணிதான். அந்த வருஷத் திருவிழா அமர்க்களப்பட்டது. அவர் ஒரு காசு திருடவில்லை. அந்தப் பாராட்டை அவருக்குக் கொடுத்தே ஆகவேண்டும். லுணுகலையிலிருந்து மேளம், பதுளையிலிருந்து வாணம், அம்மனுக்கு வெள்ளியில் கண்மலர், எல்லாம் வீராயி பணத்தில். பரிவட்டமும் முதல் மரியாதையும் கங்காணிக்கு. "புண்ணியவதி, முன்னால வா" என்று அவளைக் கூப்பிட்டு, பூசாரியைத் திருநீறு கொடுக்கச் சொன்னார். அவள் நெற்றியில் வாங்கிக்கொண்டு கண்ணை மூடி நின்றாள். கருமாதிக் கடன், கலியாணக் கடன் எல்லாம் அப்படியே நின்றன. துரை முன்னால் பேசிவிட்டதால் இப்போது அவை பதிவும் ஆகிவிட்டன. துண்டு என்ற பேச்சே இனி இல்லை.

துரைக்கு மாலை போட்டு நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். வாணம் மேலே போய்ப் பூவாய்க் கொட்டியதும், "இதற்கெல்லாம் யார் பணம்?" என்று என்னைக் கேட்டார். சொன்னேன்.

"பார்த்தாயா! இந்த ஜனங்களைத் திருத்தவே முடியாது" என்றார். அடுத்த மாதப் பாடம் அங்கேயே, அந்த நாற்காலியிலேயே முடிவாகிவிட்டது. கோயில் திருவிழாவில் காசைக் கரியாக்காதே.

7

அந்தப் பாடத்தையும் நடத்தினோம். துரை சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். கெட்ட உதாரணத்துக்கு வீராயியை முன்னால் நிறுத்தினார். போன தடவை நின்ற அதே இடம். அவள் கூடையை முதுகில் போட்டபடியே நின்று, மடைச்சி என்று துரை சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டாள்.

பாடம் முடிந்ததும் வழக்கம்போல், "யாருக்காவது கேள்வி உண்டா?" என்று துரை கேட்டார். இத்தனை மாதத்தில் ஒருவரும் கேட்டதில்லை. வீராயி ஓரடி முன்னால் வந்தாள்.

"ஐயா, துரைகிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க. அவரு நேத்து ஹாலிஎலைத் தோட்டத்துக்குப் போயிட்டு வந்தாருன்னு குதிரைக்காரன் சொன்னான். அங்க எம்மகளுக்கு வலி கண்டு ரெண்டு நாளாச்சாம். லயத்துல ஏதும் பேசிக்கிட்டாங்களான்னு கேளுங்க. புள்ள பொறந்துருச்சா, மக நல்லாருக்காளான்னு மட்டும் கேட்டா போதும்."

சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். துரை தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

"எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் நல்ல கேள்வி. பிள்ளை பிறந்தால் செலவு கூடும், இப்போதே சேமிக்கத் தொடங்கச் சொல்" என்றார்.

இந்த உத்தியோகத்தில் நான் எத்தனையோ வசவுகளைத் தமிழாக்கியிருக்கிறேன். இதற்கு என் வாய் திறக்கவில்லை. துரை குதிரையேறிப் போய்விட்டார். ஆட்கள் சம்பளத்துக்கு வரிசை கட்டினார்கள். வீராயி மட்டும் வரிசைக்குப் போகாமல், துரை என்ன சொன்னார் என்று என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.